முப்பது விநாடி ஓய்வு

அசையக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாளோ இல்லையோ, இடது புருவத்துக்கு மேலே அரிக்கத் தொடங்கிவிட்டது. சொல்லாமல் இருந்திருந்தால் அரித்திருக்காது. முப்பத்தொரு வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் துறையூருக்கும் நடுவே நின்றபடியே போய்வந்த கண்டக்டர் நான். நின்ற இடத்தில் நின்றதாக ஒரு நாளும் கிடையாது. என்னைக் கொண்டுவந்து ஒரு நாற்காலியில் சாய்த்து, தலையில் கறுப்புத் தொப்பி மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்து ஒட்டி, அதற்கும் மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு, "சும்மா உக்காந்திருங்கய்யா, அது போதும்" என்கிறாள். அது போதுமாம். அதுதானே எனக்கு வராது. தொப்பி முழுக்கப் பித்தான் பித்தானாக இருக்கிறது. பாதிப் பித்தான் வெளிச்சம் விடுமாம், மீதிப் பாதி அதைப் பொறுக்குமாம். சட்டைப் பித்தான் அளவுதான். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, மண்டைக்குள் போய்த் திரும்பி வருகிற வெளிச்சத்தைத் துளித்துளியாகப் பிடிக்கிறதாம். மண்டை ஓட்டைத் தாண்டி வெளிச்சம் எப்படியம்மா போகும் என்று கேட்க நினைத்தேன். நினைக்கத்தானே முடியும். நல்ல வேளை, அவளே சொன்னாள். "டார்ச் லைட்ட உள்ளங்கைல வச்சு அழுத்துனா செவப்பாத் தெரியும்ல, அந்த மாதிரிதான்யா. இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். மூளைல எந்த எடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் கூடுதலா வரும். ரத்தம் வந்தா திரும்பி வர்ற வெளிச்சம் மாறும். அதைத்தான் பாக்குறோம். ஊசி கெடயாது, வலி கெடயாது." பெயர் ரிஸ்வானா. டாக்டரா என்றால் இன்னும் இல்லையாம், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம், மருந்து எழுதுகிற டாக்டர் அது வேறாம். எதுவாக இருந்தால் என்ன, கை மெதுவான கை. முக்கால் மணி நேரம் என் தலைமுடியைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் விலக்கி விலக்கி, ஒவ்வொரு பித்தானும் தோலில் படுகிறதா என்று பார்த்தாள். அந்த முக்கால் மணிக்குக் காரணம் என் வீட்டுக்காரி செங்கோல்மேரி. எண்ணெய் வைக்காமல் கூட்டிவாருங்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள், வைக்கவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷன் நரைத்த தலையோடு போகக் கூடாது என்று நேற்றுச் சாயங்காலம் உட்காரவைத்து டை அடித்துவிட்டாள். ரிஸ்வானா பார்த்தாள், தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, டை அடிச்சிருக்கீங்களாம்மா? கறுப்பு முடி வெளிச்சத்தைக் குடிச்சிருமே. நரைச்ச முடின்னா எங்களுக்கு எவ்ளோ சுலபம் தெரியுமா?" செங்கோல்மேரி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் என் காது மடலில் ஒட்டியிருந்த டையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு வெளியறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டார்கள். பகல் பதினொரு மணிக்கு இப்படி இருட்டில் உட்காருவது எனக்குப் புதிது. வெளி வெளிச்சம் ஒரு பொட்டு நுழைந்தாலும் பித்தான்கள் அதைத்தான் முதலில் பிடிக்குமாம். நடுவே கட்டிய மறைப்புக்கு அந்தப் பக்கம் ரிஸ்வானா கம்ப்யூட்டரோடு இருக்கிறாள், நாற்காலி கிறீச்சிடுகிறது. ஏ.சி. காற்று நேராக வலது கையில் படுகிறது, படுவது தெரியவில்லை. அந்தக் கை என் மடியில்தான் இருக்கிறது, யாரோ பயணி விட்டுவிட்டு இறங்கிப்போன பை மாதிரி. வேலை ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் சொன்னாள். ஒலிபெருக்கியில் ஒரு சொல் வரும். காய்கறி என்று வந்தால் முப்பது விநாடி மனசுக்குள்ளேயே காய்கறிப் பெயராக நினைக்கவேண்டும். உதடு அசையக் கூடாது. பிறகு மணி அடிக்கும், "ஓய்வு" என்று வரும். அப்போது முப்பது விநாடி எதையும் நினைக்காமல் இருக்கவேண்டும். மறுபடி ஒரு சொல், மறுபடி ஓய்வு. இப்படி எட்டுத் தடவை. மூளையில் பேச்சுக்கான இடம் இடது பக்கம் கொஞ்சம் போய்விட்டது, ரத்தக்குழாய் அடைப்பு. மிச்சம் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். "படம் வந்துச்சுன்னா எட்டு வாரம் பேச்சுப் பயிற்சில சேத்துக்குவோம். பத்துப் பேருக்குத்தான் எடம். வரலன்னா..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வரும்யா" என்று முடித்துக்கொண்டாள். நான் "ரைட்" என்றேன். வேறென்ன சொல்வேன். மூன்று மாதமாக என் வாயில் அந்த ஒரு சொல்தான். காப்பி வேணுமா என்றால் ரைட். வலிக்கிறதா என்றால் ரைட். இந்த அம்மா யாரு, சொல்லுங்க பார்ப்போம் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தர் செங்கோல்மேரியைக் காட்டிக் கேட்டபோதும் ரைட். விசில் ஊதாமல் கத்தியே வண்டியைக் கிளப்புகிறவன் என்று லைனில் எனக்குப் பெயர், அந்தச் சத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் இறங்கிப் போய்விட்டது. அந்தப் பத்துப் பேரில் எனக்கு ஒரு இடம் வேண்டும். நீளமாகப் பேச வேண்டாம். வக்கீல் மாதிரி வாதாட வேண்டாம். செங்கோல்மேரியிடம் ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும், அது வந்தால் போதும்.

"காய்கறி."

ரிஸ்வானாவின் குரல்தான், பதிவு செய்தது. சரி. காய்கறி. இதோ இருக்கிறது, ஊதா நிறம், காம்பில் முள் குத்தும், எண்ணெயில் வதக்கி வற்றல் குழம்பில் போடுவாள், கையில் எடுத்தால் வழவழவென்று, பெயர் மட்டும் வரவில்லை. போகட்டும், அடுத்தது. நீளமாக மரத்தில் தொங்குமே, சாம்பாரில் கிடக்கும், மென்று சக்கையைத் துப்புவோம், அது. சக்கை என்று வருகிறது, அது வரவில்லை. உருண்டை, சிவப்பு, நசுங்கிப் போகும் என்று மூட்டை ஏற்றுகிறவனோடு மண்ணச்சநல்லூரில் தினமும் தகராறு, கூடையை உள்ளே ஏற்றாதே, மேலே போடு, மேலே போட்டால் நசுங்கும்ணே, நசுங்கினால் ரசம் வை. ரசம் வருகிறது. தகராறு முழுக்க வருகிறது. கூடையில் இருந்தது வரவில்லை. எத்தனை விநாடி ஆயிற்று? வெளிச்சம் இப்போது உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். காலி சீட்டு, காலி சீட்டு, காலி சீட்டு. ரைட். யாரடா இப்போது ரைட் சொன்னது? நான்தான். உள்ளேயும் அதே சனியன்.

மணி. "ஓய்வு."

கத்திரிக்காய். கத்திரிக்காய், முருங்கைக்காய், தக்காளி, வெண்டைக்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், கொத்தவரங்காய். எங்கே இருந்தீர்கள் இவ்வளவு நேரம்? கூப்பிடும்போது ஒருத்தனும் ஸ்டாப்பில் இல்லை, வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து படியில் தொற்றுகிறார்கள். இறங்குங்கடா. இது ஓய்வு, இப்போது எதையும் நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்பதை நினைக்கலாமா? அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சேனைக்கிழங்கு. நாக்கு அரிக்கும் என்று புளி போட்டு வேகவைப்பாள். சும்மா இருடா அடைக்கலம். அடைக்கலசாமி என்பது முழுப் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்தது. லைனில் எல்லோருக்கும் அடைக்கலம் அண்ணன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. பங்குச் சாமியார் தவக்காலத்தில் அரை மணி மௌனம் என்பார், நான் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து பீடி பற்றவைப்பேன். இப்போது வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் மௌனம்தான். எனக்கு வாயில்லை, சரி. அவளுக்கு என்ன ஆயிற்று?

"மிருகங்கள்."

திருவானைக்கோவிலில் வண்டியை மறித்துக்கொண்டு நிற்குமே, கறுப்பு மலை, தும்பிக்கை. தும்பிக்கை வந்துவிட்டது, பிடித்துக்கொள், அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறு. தும்பிக்கை உள்ளது. தும்பிக்கை உள்ளது எது? ரைட். சை. பாகன் வாழைப்பழம் வாங்கித்தரச் சொல்வான், டிரைவர் ஹாரன் அடிக்கவே மாட்டார், அது கோபித்துக்கொள்ளும் என்று பயம். பின்னால் பத்து வண்டி நிற்கும். அது ஆடி ஆடி ஒதுங்குகிற வரைக்கும் செங்கோல்மேரி போனில் பேசிக்கொண்டிருப்பாள். வண்டி எங்க நிக்கிது, ஏன் நிக்கிது, அது இன்னைக்கு நெத்தில பட்டை போட்டிருக்கா, குளிச்சிருச்சா. அதனிடம் கேட்டுச் சொல்லட்டுமா என்பேன். கேட்டுச் சொல்லுங்க என்பாள். முப்பது வருஷம் அந்த வாய் ஓய்ந்ததில்லை. எதிர்வீட்டுக் கதை, தண்ணி லாரிக் கதை, கனவில் வந்தவர்கள் கதை. நான் ஒன்றுக்கும் காது கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அது பாட்டுக்கு ஓடும், வண்டி இன்ஜின் மாதிரி. இன்ஜின் சத்தத்தை எந்தக் கண்டக்டர் உட்கார்ந்து கேட்கிறான்? நின்றால்தான் திடுக்கென்று இருக்கும்.

மணி. "ஓய்வு."

யானை. பார், வந்துவிட்டது. இனி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. யானை, பூனை, நாய், எருமை எல்லாம் வரிசையாக வருகின்றன. இந்தப் பித்தான்களிடம் நியாயம் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஓய்வில் வந்ததைத் தள்ளிவிடுவார்களா? ரிஸ்வானா சொன்னாள், ஓய்வு என்பது தரை, வேலை என்பது மேடு, மேட்டிலிருந்து தரையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம் என்று. என் கணக்கு தலைகீழ். மேடு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். சரி, இதையாவது நிறுத்துவோம். மூச்சை மட்டும் கவனி. மூச்சு. ஏ.சி. காற்றில் எலுமிச்சை வாசனை வருகிறது. நேற்று டை கலந்தபோதும் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. கிண்ணத்தில் கலக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் காதோரம் தொடங்கி உச்சிவரை இழை இழையாகப் பூசினாள். முன்பென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கக் காலடியில் வந்து விழுந்திருக்கும். இப்போது துண்டைப் போடுகிறாள், தலையைச் சாய்க்கிறாள், கழுவுகிறாள், துவட்டுகிறாள். சோறு ஊட்டும்போதும் அப்படித்தான், சவரம் செய்யும்போதும். பீரோவைத் துடைக்கிற மாதிரி நன்றாகத்தான் துடைக்கிறாள். பீரோவிடம் யார் பேசுவார்கள்? உள்ளே ஆள் இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது நான் ரைட் சொன்னேனே, அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குத் தெரியுமடி. செங்கோல்மேரி. ஓய்வில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன். கேட்டால்தான் வராது.

"ஊர்கள்."

ஊரா? ஊர் கேட்கிறாயா என்னிடம்? இது அல்வா. சத்திரம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், டோல்கேட், நொச்சியம், மண்ணச்சநல்லூர், பூனாம்பாளையம், திருவெள்ளறை, புலிவலம், கரட்டாம்பட்டி, துறையூர். துறையூர் வந்தாச்சு, எல்லாம் இறங்கு. திரும்பு. துறையூர், கரட்டாம்பட்டி, புலிவலம், திருவெள்ளறை, பூனாம்பாளையம். வருகிறதே, தண்ணீர் மாதிரி வருகிறதே. உதடு அசையவில்லை, அசையாமலேயே வருகிறது. இப்போது பார்க்கட்டும் அந்தப் பெண், இந்த முப்பது விநாடியை மட்டும் எடுத்து மேலே காட்டட்டும், பத்தில் ஒரு இடம் எனக்குத்தான். மண்ணச்சநல்லூர், நொச்சியம். நொச்சியத்தில் ஏன் நிற்கிறது? தள்ளு. டோல்கேட். டோல்கேட்டுக்குப் போ. நொச்சியம்.

மணி. "ஓய்வு."

நொச்சியத்தில்தான் நின்றது. காலை ஏழு ஐம்பது, துறையூர் போகிற டிரிப். படிக்கட்டில் நின்ற காலேஜ் பையன்களைப் பார்த்து, உள்ளே போங்கப்பா என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், "ரைட்" என்று வருகிறது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். இல்லை, நிறுத்து என்று கத்துகிறேன், "ரைட், ரைட்" என்று வருகிறது. அவர் இன்னும் வேகமாகப் போகிறார். பையன்கள் சிரிக்கிறார்கள். வாய் ஒரு பக்கம் இழுப்பது எனக்கே தெரிகிறது, டிக்கெட் கட்டு கையிலிருந்து நழுவிப்போகிறது. ஒரு கிழவர்தான், ஏய் ஆளு சாயுறாருய்யா, என்று கத்தினார். அதுவரைக்கும் சரியாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் இருப்பதும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் போகவேண்டாம். தரையாக இருக்கவேண்டும் இப்போது, சமதளமாக. எலுமிச்சை வாசனை. புருவத்துக்கு மேலே அரிப்பு. இந்த வெளிச்சத்துக்கு நான் என்ன நினைக்கிறேன் என்று தெரியுமா? காலையில் இருந்து அதுதான் உதறல் எனக்கு. ரிஸ்வானா தானாகவே சொன்னாள், எல்லோரும் கேட்பார்களாம். "எங்க வேலை நடக்குதுன்னு தெரியும்யா, என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியாது." எந்த சீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும், ஆள் யார் என்று தெரியாது. நல்லது. தெரியவே வேண்டாம்.

அடுத்து "பூக்கள்" என்று வந்தது, ஒரு பூவின் பெயரும் வரவில்லை. பாத்திரங்கள். அதற்கு அடுப்படிக்குள் போகவேண்டியிருந்தது, போனேன், போயிருக்கக் கூடாது. குண்டான், அகப்பை, தோசைக்கல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, பெயர்தான் இல்லை; பெயருக்குப் பதிலாக அன்றைய காலை நேரம் இருக்கிறது. அவள் தோசை வார்க்கிறாள். விசில் எங்கே என்று நான் தேடுகிறேன், கத்துகிறவனுக்கு விசில் எதற்கு என்கிறாள், அதிலிருந்து தண்ணி லாரி, அதிலிருந்து அவள் தங்கச்சி மகள் சர்ச்சில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்க எடுக்கிற வெள்ளைக் கவுன், அதிலிருந்து எனக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆயிற்று, இன்றைக்காவது வாங்குவீங்களா. மாத்திரை, மாத்திரை என்று என் பின்னாலேயே வாசல்வரை வருகிறாள். மணி ஆகிவிட்டது, செருப்பில் கால் நுழையவில்லை. நான் திரும்பினேன். மணி அடிக்கிறது, ஓய்வு என்கிறது, எனக்கென்ன ஓய்வு. திரும்பி என்ன சொன்னேன் என்றால், "செத்த நேரம் அந்த வாய மூடித் தொலையேன். தலை வெடிக்குது." அவ்வளவுதான். அதன்பிறகு பஸ்ஸில் ஆயிரம் பேரிடம் ஆயிரம் பேசியிருப்பேன், டோல்கேட்வரை. ஆனால் அவளிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அது. கடைசி என்று தெரிந்தா பேசினேன்? வீடு என்றால் இப்படி நூறு பேச்சு வரும் போகும், சாயங்காலம் மல்லிகைப்பூவும் மிக்சரும் வாங்கிக்கொண்டு போனால் சரியாகிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் வரவில்லை. முப்பது வருஷ வாழ்க்கைக்குக் கடைசி வரியாக அதுதானா நிற்கவேண்டும்? வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, அப்படியே நின்றுவிட்டால் என்று. பயிற்சி கிடைத்தால் எட்டு வாரத்தில் ஒரு சொல். மன்னிச்சுக்கோ என்றெல்லாம் இல்லை, அது எனக்கு எந்தக் காலத்திலும் வராது, அவளும் நம்பமாட்டாள். "பேசு." அது போதும். பே, சு. இரண்டே எழுத்து. உள்ளே நன்றாக வருகிறது. ஓய்வில்தான் வருகிறது.

எட்டுத் தடவையும் முடிந்து விளக்கைப் போட்டார்கள். கண் கூசியது. தொப்பியைக் கழற்றவில்லை, கறுப்புத் துணியை மட்டும் ரிஸ்வானா விலக்கினாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தே எத்தனை பேர் ஏறுவார்கள் என்று சொல்கிறவன் நான், ஒரு பெண்ணின் முகம் தெரியாதா. "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். செங்கோல்மேரி வந்தாள், கையில் என் செருப்பு. ரிஸ்வானா கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள்; ஒரு தலைப்படம், அதில் அங்கங்கே மங்கலாகச் சிவப்பு.

"நெனைக்கச் சொன்ன நேரத்துல ஒண்ணும் பெருசா வரலம்மா. ஊர் பேருக்குக்கூட வரல."

வரவில்லையா? இரண்டு டிரிப் போய்வந்தேனே.

"ஊர் பேரா?" என்றாள் செங்கோல்மேரி. "அவரு அதைத் தூக்கத்துலயே சொல்லுவாரே."

"அதாம்மா. மனப்பாடம்னா மூளை தேடவே தேடாது, அதான் வெளிச்சம் மாறல. ஆனா சும்மா இருங்கன்னு சொன்ன நேரத்துல பாருங்க, தாறுமாறா இருக்கு. அதை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது, எங்க கணக்குல அது வராது." கொஞ்சம் யோசித்தாள். "வீட்ல நீங்க பேசுனா கவனிக்கிறாரா? மொகம் திருப்புறாரா, சிரிக்கிறாரா?"

செங்கோல்மேரி கையிலிருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா?"

"நான் பேசுறதில்லம்மா."

"ஏன்?"

அவள் என் செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என் வாயாலதாம்மா இது வந்துச்சு. அன்னைக்குக் காலைல விடாமப் பேசுனேன். தலை வெடிக்குதுன்னாரு. சொல்லிட்டுப் போனாரு, ஒரு மணி நேரத்துல போன் வந்துச்சு, நரம்பு வெடிச்சிருச்சுன்னு. அமைதியா வச்சுக்கங்க, டென்ஷன் ஆகக் கூடாதுன்னு அந்த டாக்டரும் சொன்னாரு. மறுபடி நான் எதையாச்சும் பேசி, மறுபடி வெடிச்சிட்டா நான் எங்க போவேன்?"

இல்லை. இல்லையடி, கிறுக்கி. மூன்று மாதமாக நீ இதையா சுமந்துகொண்டு திரிந்தாய்? மாத்திரை போடாதவன் நான், பீடி குடித்தவன் நான். பீரோ என்று நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறாய் என்று இருந்தேனே, பாவி. இல்லை என்று சொல், அடைக்கலம், இந்த ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிடு. வாயைத் திறந்தேன், கழுத்து நரம்பு புடைக்க முழுப் பலத்தோடு கத்தினேன்.

"ரைட்!"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா, அவரே சொல்றாரு."

"அவருக்கு வர்றது அந்த ஒரு வார்த்தைதாம்மா! இல்லைன்னு சொல்லணும்னாலும் அதான் வரும்." ரிஸ்வானா எழுந்தே விட்டாள். "முதல்ல, அது வெடிப்பு இல்ல. அடைப்பு. ரத்தம் கட்டி அடைச்சது. யாரு பேசுனதாலயும் அடைப்பு வராது. அமைதின்னு டாக்டர் சொன்னது சண்டை வேணாம்னு சொன்னது. மூணு மாசமா இவர்கிட்ட யாருமே பேசலையா?"

ரிஸ்வானா சட்டென்று துணியை எடுத்து மறுபடி என் தலைமேல் போர்த்தினாள், தாடை வாரை இழுத்துப் பார்த்தாள். "அம்மா, நீங்க இங்கயே உக்காருங்க. அவருகிட்ட பேசுங்க, நான் பாக்குறேன். காதுல வாங்குற எடம் இந்தா, இந்தப் பக்கம். அது வேலை செய்யுதான்னு தெரிஞ்சாலே போதும், அதை வச்சு நான் எடம் கேட்டுருவேன். முப்பது செகண்டு பேசணும், முப்பது செகண்டு நிறுத்தணும். மணி அடிக்கும்."

"முப்பது செகண்டா?" என்றாள் செங்கோல்மேரி. "மூணு மாசத்துக்கு இருக்கும்மா."

விளக்கு அணைந்தது. நாற்காலி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது, அவள் புடவையில் டை வாசனை இன்னும் இருந்தது. மணி அடித்தது. அவள் பேசவில்லை. தொண்டையைச் செருமினாள். பேசு. மறுபடி செருமினாள்.

"ஏங்க. எதுத்த வீட்டு பிலோமினா இருக்கால்ல. அவ மருமக கோவிச்சுக்கிட்டு லால்குடிக்குப் போயிட்டா. சும்மா போல, மிக்சியத் தூக்கிட்டுப் போயிட்டா. அவ அப்பன் வாங்கிக் குடுத்ததாம். ஆனா பாருங்க, அவசரத்துல ஜாரை விட்டுட்டுப் போயிட்டா. இப்ப மிக்சி லால்குடில, ஜார் மூணும் இங்க. இவளும் அரைக்க முடியாது, அவளும் அரைக்க முடியாது. பிலோமினா தெனம் நம்ம வீட்டுக்கு வந்து தேங்காச் சில்லை நீட்டுறா, செத்த அரைச்சுக் குடுன்னு. நான் வாயத் தொறக்கலையா, அவளுக்கு அது வேற கோவம். மூணாம் நாளு மகன் என்ன பண்ணான் தெரியுமா, ஆத்தாளுக்குத் தெரியாம ஒரு ஜாரை மட்டும் சட்டைக்குள்ள வச்சு..."

மணி அடித்தது. "ஓய்வு" என்றது ஒலிபெருக்கி. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரிஸ்வானா, "வருதும்மா, படம் வருது, நிறுத்தாதீங்க" என்றாள். எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. சட்டைக்குள் ஜாரை வைத்துக்கொண்டு அவன் எந்த வண்டியில் ஏறினான், பிலோமினா பார்த்துவிட்டாளா, எந்த ஜார், சட்னி ஜாரா பெரிய ஜாரா? செங்கோல்மேரி மூச்சு வாங்க ஒரு நொடி நின்றாள்.

"ம்" என்றேன்.

நாற்காலி அசைந்தது. அவள் கை இருட்டில் தேடிவந்து என் இடது கையைப் பிடித்தது, ஈரமாக இருந்தது.

"என்ன ம்? அதுக்குள்ளயா? முழுசாக் கேளுங்க" என்றாள். கேட்டேன்.